ரேடியோ 4-ன் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கட்டப்படுகிறது

பிபிசியின் ரேடியோ 4 அலைவரிசையை ஞாயிறு அதிகாலையில் போட்டுவிட்டு இரவுவரை அணைக்காமல் விட்டால், தேவாலய மணியோசை, பண்ணைச் செய்தி, மத விவகாரங்கள், நன்கொடை வேண்டுகோள், வழிபாடு, பத்து நிமிட உரை, ஒரு பறவையின் குரல், நாளிதழ் அலசல், தொடர் நாடகம், தோட்டக்கலைக் கேள்வி பதில், நாவலின் நாடக வடிவம், கடல் வானிலை, நாடாளுமன்ற அரசியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இசை குறைவு, விளம்பரம் அறவே இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு நாளை நிரப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் ஒலிபரப்பில் இவ்வளவு யோசித்துக் கட்டப்படும் நாள் வேறில்லை. தோட்டக்கலைக்காக ரேடியோவைப் போட்டவர் அதை அணைக்க மறந்து, தானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டாத ஒரு நாடகத்தைக் கேட்கிறார். அந்த மறதியை நம்பித்தான் இந்த வரிசை அமைக்கப்படுகிறது.

இப்படியொரு கலவை ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பிபிசியை 1922 முதல் 1938 வரை நடத்திய ஜான் ரீத், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகன். ஞாயிறு ஓய்வுநாள் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1930களின் பெரும்பகுதியில் ஞாயிறு முற்பகலில் ஒலிபரப்பே அபூர்வம். பிற்பகலில் தொடங்கினாலும் வழிபாடு, கனமான இசை, உரைகள் இவைதான். நடன இசைக்கும் சிரிப்புக்கும் இடமில்லை. நேயர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுப் பைபிளை எடுக்கவில்லை; முள்ளைத் திருப்பினார்கள். 1931-ல் பிரான்சிலிருந்து ரேடியோ நார்மண்டியும், 1933-ல் ரேடியோ லக்சம்பர்க்கும் ஆங்கிலத்தில் விளம்பரதாரர் நிகழ்ச்சிகளைத் தொடங்கியிருந்தன. ஓவல்டின் நிறுவனம் சிறுவர்களுக்காக நடத்திய ஞாயிறு மாலை நிகழ்ச்சி வீட்டுக்கு வீடு ஒலித்தது. ரீத் விலகியதும் போர் மூண்டதும் அடுத்தடுத்து நடந்தன. 1940-ல் படைவீரர்களுக்கென ஓர் அலைவரிசை வந்தபோது, ஞாயிறும் மற்ற நாட்களைப்போல இலகுவாயிற்று.

அடுத்த திருப்பம் 1967 செப்டம்பர் 30. அன்றுதான் பிபிசியின் பழைய ஹோம் சர்வீஸ் அலைவரிசை, ரேடியோ 4 என்ற பெயர் பெற்றது. 1969 ஜூலையில் பிபிசி வெளியிட்ட ஒரு திட்ட அறிக்கை அலைவரிசைகளை வகைவாரியாகப் பிரித்தது: ஒன்றில் பாப் இசை, ஒன்றில் மெல்லிசை, ஒன்றில் செவ்வியல் இசை, நான்காவதில் பேச்சு. 1970 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையில் கலந்து தந்து மக்களின் ரசனையை விரிப்பது என்ற ரீத்தின் பழைய கொள்கை மற்ற மூன்றிலும் கைவிடப்பட்டது. பேச்சு என்ற வேலிக்குள் மட்டும் அது பிழைத்துக்கொண்டது. ஞாயிற்றைக் கட்டிப்போட்டவரின் கொள்கைதான் இன்றைய ஞாயிற்றின் பன்முகத்துக்கும் வேர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நாளைத் தாங்கிப் பிடிப்பது கடிகாரம். மணி அடிக்கும் நேரத்தில் வரும் ஆறு 'பிப்' ஒலிகள் 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கின்றன. 55-வது விநாடியிலிருந்து விநாடிக்கு ஒன்றாக ஐந்து குட்டை ஒலிகள், ஒவ்வொன்றும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஆறாவது மட்டும் அரை விநாடி நீளும். அந்த நீண்ட ஒலி தொடங்கும் கணமே புதிய மணி. பேசிக்கொண்டிருப்பவர் அதற்குள் முடிக்காவிட்டால் பேச்சின்மேல் பிப் ஏறி விழும். ரேடியோ 4-ல் அது அறிவிப்பாளருக்கு வெட்கக்கேடு. டிஜிட்டல் ரேடியோவில் கேட்பவர்கள் இதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. குறியாக்கத்துக்கே சில விநாடிகள் பிடிக்கும். இணையத்தில் தாமதம் இன்னும் அதிகம்.

ஞாயிறு காலை 8:10 முதல் 9 வரையிலான ஐம்பது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். 8:10-க்கு வழிபாடு, 8:48-க்கு உரை, 8:58-க்கு ஒன்றரை நிமிடம் பறவை, பிறகு அறிவிப்பு, பிப், ஒன்பது மணிச் செய்தி. உரையும் பறவையும் முன்பே பதிவானவை. அவற்றைச் சுருக்கவோ நீட்டவோ முடியாது. ஆகவே பொறுப்பாளர் ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வருவார். வழிபாடு நேரலையாக நடக்கும் வாரங்களில் தேவாலயத்தில் 40 விநாடி கூடிப்போனால், அந்த 40 விநாடியை எடுக்க இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வார நிகழ்ச்சிகளுக்கான முன்னோட்டம். அதைத் தூக்கிவிட்டு அறிவிப்பாளர் ஒரு வரியில் முடித்துக்கொள்வார். இரண்டு நிமிடம் கூடிப்போனால் இடையில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

வழிபாட்டுக் குழு அதனால் ஸ்டாப்வாட்சை வைத்து ஒத்திகை பார்க்கிறது. மிக எளிய சரிக்கட்டல் பாடலில்தான் இருக்கிறது. கீர்த்தனையின் ஒரு சரணம் ஏறக்குறைய அரை நிமிடம். நேரம் நெருங்கினால் ஒரு சரணம் போய்விடும். மிஞ்சினால் ஆர்கன் இசை நீளும். கடினமான பகுதி எதிரொலி. பெரிய கற்கோவிலில் ஓசை அடங்கவே பல விநாடி ஆகும். போதகருக்கு வாயருகே மைக், பாடகர் குழுவுக்கு மேலே தள்ளி ஒரு ஜோடி, சபையின் முணுமுணுப்புக்குத் தனியாகச் சில என்று வைத்துக் கலக்க வேண்டும். சபையின் மைக்கைக் கூடுதலாகத் திறந்தால் சொற்கள் குழையும். அறவே மூடினால் ஆளில்லாத கட்டடத்தில் ஒருவர் தனியாகப் பேசுவதுபோல ஆகிவிடும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டிய செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் தேவாலயத்திலிருந்து 1924 ஜனவரி 6 அன்று வழிபாடு ஒலிபரப்பானது முதல் இந்தச் சிக்கல் உண்டு.

நாளைத் தொடங்கிவைக்கும் மணியோசை, ஆறு மணிக்கு முன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊர்ப் பெயர், கோபுரத்தில் எத்தனை மணிகள், மிகப் பெரிய மணியின் எடை, அது எந்தச் சுருதி, அடிக்கப்படும் முறையின் பெயர் என்று அறிவிப்பாளர் சொல்லுவார், பிறகு மணிகள் மட்டும். இங்கிலாந்தில் மணியைக் கயிற்றால் இழுத்து முழு வட்டமாகச் சுழற்றுகிறார்கள். வாய் மேல்நோக்கி நிற்கும் மணி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்து நிற்கும். பல நூறு கிலோ எடையுள்ள அதை அங்கே ஒரு கணம் தாமதிக்கவைக்கலாம், சற்று முந்தவைக்கலாம், அதற்குமேல் முடியாது. ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒவ்வொரு மணியும் வரிசையில் ஓர் இடம் மட்டுமே நகரலாம். ராகம் வாசிக்க வழியில்லை. வரிசை மாற்றமே இசை. ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகள் சாத்தியம், அடித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிகளுக்கு 40,320. 1963-ல் லஃப்பரோவில் அதை முழுமையாக அடித்து முடித்தபோது ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகியிருந்தது. வானொலியில் வருவது அந்தக் கடலில் ஒரு கை நீர், ஆனாலும் அரைத்தூக்கத்தில் கேட்பவருக்கும் வரிசை மாறுவது புரிந்துவிடும்.

காலை 7:54-க்கு ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மூன்று நிமிட வேண்டுகோள் வரும். வாரம் ஒரு நிறுவனம், பேசுபவர் ஒருவர். 1926-ல் வேறு பெயரில் தொடங்கிய வழக்கம் இது. மூன்று நிமிடத்துக்கு 450 சொல்லுக்குமேல் ஏற்றினால் பேச்சு ஓடத் தொடங்கிவிடும். பணம் அனுப்பும் முகவரியையும் எண்ணையும் நிதானமாகச் சொல்லவும் அதற்குள்ளேதான் இடம் ஒதுக்க வேண்டும். நிறுவனத்தின் எல்லாப் பணிகளையும் பட்டியல் போடும் வேண்டுகோள் மனத்தில் தங்காது. ஒரு மனிதர், அவருக்கு நேர்ந்தது, இவ்வளவு பணம் வந்தால் என்ன மாறும் என்று ஒரே கோட்டில் போவதே வேலை செய்யும்.

8:48 உரைக்கு ஒரு மரபு இருக்கிறது. அலிஸ்டர் குக் அமெரிக்காவிலிருந்து எழுதி வாசித்த வாராந்திர மடல் 1946 மார்ச் முதல் 2004 பிப்ரவரி வரை 2,869 முறை ஒலித்தது. ஞாயிறு காலையில் அதன் மறு ஒலிபரப்பைக் கேட்பது பல குடும்பங்களுக்கு வழக்கம். அவருக்குப் பிறகு வந்த உரைத்தொடரில் பேசுபவர்கள் மாறிமாறி வருகிறார்கள். ஏறக்குறைய 1,500 சொல், பின்னணி இசை கிடையாது, உரையாடல் கிடையாது. ஒரே குரல் பத்து நிமிடம் கேட்பவரைப் பிடித்து வைக்க வேண்டுமானால் வாக்கியம் கண்ணுக்காக எழுதப்பட்டிருக்கக் கூடாது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே மூன்று கிளை வாக்கியம் வந்தால் கேட்பவரால் திரும்பிப் போய்ப் படிக்க முடியாதே.

ஞாயிற்றின் முதுகெலும்பு 'தி ஆர்ச்சர்ஸ்' தொடர் நாடகம்தான். போர்செட்ஷர் என்ற கற்பனை மாவட்டத்தில் ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். 1950-ல் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பினார்கள். அப்போது பிரிட்டனில் உணவுப் பங்கீடு முடியவில்லை. அது 1954 வரை நீடித்தது. விளைச்சலைப் பெருக்கும் முறைகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்க அரசின் அறிவுரைத் தாள்களால் முடியவில்லை. வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையோடு காட்ஃப்ரி பேஸ்லி இந்தத் தொடரை உருவாக்கினார். மாட்டு நோயும் விதைத் தேர்வும் அடுக்களைச் சண்டைக்கு நடுவே வந்தன. கேட்டவர்களில் நகரவாசிகள் அதிகமானது எதிர்பாராத பலன். அறிவுரை வழங்கும் பொறுப்பு 1970களில் கைவிடப்பட்டது, ஆனால் விவசாய விவரங்களைச் சரிபார்க்கத் தனி ஆள் வைக்கும் வழக்கம் போகவில்லை. வயலில் என்ன நடக்கிறது என்பது அந்தந்தப் பருவத்தோடு ஒத்துப்போயே ஆக வேண்டும். தவறினால் முதலில் கடிதம் எழுதுபவர் விவசாயி.

ஓர் அத்தியாயம் 13 நிமிடம், ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு. ஞாயிறு மாலை 7 மணி அத்தியாயம் 1998-ல் சேர்க்கப்பட்டது. வாரத்தின் ஆறையும் தொகுத்து, நடுவிலுள்ள தலைப்பிசையை வெட்டி, ஒன்றேகால் மணி நேரமாக ஞாயிறு முற்பகலில் தருகிறார்கள். பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடுவதால் திடீர்ச் செய்தி வந்தால் சிக்கல். 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி நாடே முடங்கியபோது, ஆம்பிரிட்ஜில் மட்டும் மாடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்க முடியுமா? கடைசி நேரத்தில் காட்சிகளைப் புதிதாக எழுதிப் பதிந்து நடுவே செருகினார்கள்.

ஒலிக்கூடத்தில் இரண்டு வகை இடம் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் காட்சிக்குச் சுவர் ஓசையைத் திருப்பி அனுப்ப வேண்டும். திறந்த வெளிக்கு எதிரொலியே கூடாது. அதற்குச் சுவரெல்லாம் ஓசையை விழுங்கும் 'செத்த அறை' இருக்கிறது. அங்கே நின்று பேசினால் நடிகருக்குத் தன் குரலே தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். கத்திப் பேசத் தோன்றும், கத்தினால் காட்சி கெடும். பண்ணைக் கதவின் கிறீச்சொலிக்கு மடக்கு இஸ்திரி மேசை, புல்லில் நடக்கப் பழைய ஒலிநாடாக் குவியல், ஆட்டுக்குட்டி பிறக்கும் காட்சிக்கு ஈரத் துண்டும் தயிரும். ஒலி அசலாக இருப்பதைவிடக் கேட்பவர் மனத்தில் இருக்கும் ஒலியோடு பொருந்துவதுதான் முக்கியம்.

2024 ஏப்ரலில் 'தி ஆர்ச்சர்ஸ்' ஞாயிறு தொகுப்பு பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளப்பட்டது. 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்ற பேட்டி நிகழ்ச்சி பத்துக்கு வந்தது. ஒரு மணி நேரம்தானே என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் காலை உணவு, சமையல் தொடக்கம், நாயோடு நடை என்று ஒவ்வொரு வேலையும் ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டிருக்கும் வீட்டில், ஒன்றை நகர்த்தினால் எல்லாம் நகரும். எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை.

'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' பேச்சு வானொலியின் மிக நேர்த்தியான அமைப்பு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ராய் பிளம்லி 1942 ஜனவரி 29 அன்று தொடங்கியது. தனித் தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப்போவீர்கள் என்ற ஒரே கேள்வி. பைபிளும் ஷேக்ஸ்பியரும் அங்கே இருக்கும். மேற்கொண்டு ஒரு புத்தகம், உயிரற்றதாகவும் தப்பிக்க உதவாததாகவும் ஓர் ஆடம்பரப் பொருள். ஒவ்வொரு பாட்டும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஒலிக்கும். ஆக மொத்த நேரத்தில் பெரும்பகுதி பேச்சு. பாட்டின் வேலை, விருந்தினரை ஒரு குறிப்பிட்ட வயதுக்கும் அறைக்கும் கொண்டுபோய் நிறுத்துவது. 'உங்கள் குழந்தைப்பருவம் எப்படி' என்று நேராகக் கேட்டால் ஒத்திகை பார்த்த பதில் வரும். அம்மா சமைக்கும்போது ஓடிய பாட்டைக் கேட்டால் பதில் வேறாக வரும். பிளம்லி 1985-ல் இறந்த பிறகு மைக்கேல் பார்க்கின்சன், சூ லாலி, கர்ஸ்டி யங், 2018 முதல் லாரன் லாவர்ன் என்று தொகுப்பாளர்கள் மாறியும் சட்டகம் மாறவில்லை.

பிற்பகல் 2 மணிக்குத் தோட்டக்கலைக் கேள்வி நேரம். 1947 ஏப்ரல் 9 அன்று, ஆஷ்டன்-அண்டர்-லைன் ஊரின் ஒரு விடுதியில் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் மக்கள் முன்னிலையில் பதிவு செய்கிறார்கள். நிபுணர்களுக்குக் கேள்விகளை முன்கூட்டிக் காட்டுவதில்லை. பதிலுக்கு முன் அவர்கள் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மண் எப்படி? நீலப் பூ பூத்த ஹைட்ராஞ்சியா புது வீட்டில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே என்றால், செடியில் கோளாறு இல்லை. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேரில் ஏறி நீலம் தருகிறது. சுண்ணாம்பு மண்ணில் அது ஏறாது. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணக் குன்றில் இருப்பவர் தோட்டம் முழுவதையும் மாற்ற முயல்வதைவிட, தொட்டியில் அமிலக் கலவை போட்டு, குழாய்த் தண்ணீரை விட்டு மழைநீர் ஊற்றுவதே வழி.

இந்த நிகழ்ச்சி வெள்ளிக்கிழமையே ஒருமுறை ஒலித்துவிட்டது. காலை உரையும் வெள்ளி இரவு வந்ததுதான். ஞாயிற்றின் பொருளாதாரம் இதில் இருக்கிறது. மறு ஒலிபரப்புக்குக் கூடுதல் செலவு சொற்பம்; அப்படி மிச்சமாகும் பணத்தில்தான் 3 மணி நாடகமும் நேரலை வழிபாடும் நடக்கின்றன. வார நாளில் வேலைக்குப் போகிறவர் முதல்முறை கேட்பதே ஞாயிற்றில்தான் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லை உண்டு. 1995-ல் தொடங்கி, கல்கத்தாவில் பிறந்த மார்க் டல்லி நீண்டகாலம் நடத்திய 'சம்திங் அண்டர்ஸ்டுட்' நிகழ்ச்சிக்குப் புதிய அத்தியாயம் தயாரிப்பது 2019-ல் செலவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அதன்பின் ஒலித்தவை பழைய பதிவுகள். கவிதையும் மௌனமும் பல சமய இசையும் சேர்ந்த அப்படியொரு அரை மணி நேரத்தை வேறு எந்த நிலையமும் செய்ய முன்வராது. முதலில் வெட்டு விழுந்ததும் அதில்தான். ரேடியோவுக்கென்று இருந்த தனி உரிமக் கட்டணம் 1971-ல் ஒழிந்துவிட்டதால், இதற்கெல்லாம் பணம் தருவது தொலைக்காட்சி உரிமம்.

மாலை 5:54-க்குக் கடல் வானிலை. வானிலைத் துறை எழுதித் தருவது 350 சொல்லுக்கு மிகாது. மூன்று நிமிடத்தில் வாசிக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 117 சொல், அதாவது படகில் இருப்பவர் பென்சிலால் எழுதிக்கொள்ளும் வேகம். முதலில் புயல் எச்சரிக்கை, பிறகு காற்றழுத்த நிலவரம், அடுத்து வைக்கிங் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் கடற்பகுதிகள். மொத்தம் 31, அவற்றில் டிரஃபால்கர் என்ற பகுதி வழக்கமாக நள்ளிரவு 12:48 அறிக்கையில்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் காற்று, வானிலை, பார்வைத் தூரம் என்ற வரிசை மாறவே மாறாது, அதனால் 'காற்று' 'பார்வை' என்ற சொற்களே தேவையில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. புயல் 'உடனடி' என்றால் ஆறு மணி நேரத்துக்குள், 'விரைவில்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, 'பின்னர்' என்றால் அதற்கும் மேல். பார்வை 'நன்று' என்றால் ஐந்து கடல் மைலுக்கு மேல், 'மிக மோசம்' என்றால் ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. நிலத்தில் இருப்பவர்களும் இதை விரும்பிக் கேட்கக் காரணம் அந்தப் பெயர்களின் தாளம் என்பார்கள். ஒரு சொல்கூட வீணாகாத பேச்சு என்பதும் காரணம்.

கடலில் இருப்பவர்களுக்கு இது எட்ட உதவியது, ரேடியோ 4 இருந்துவந்த 198 கிலோஹெர்ட்ஸ் நீளலை. 1,515 மீட்டர் நீளமுள்ள அலை பூமியின் வளைவோடு ஒட்டிப் போகும். பண்பலை பெரும்பாலும் அடிவானத்தோடு நின்றுவிடும். நீளலைக்கென்று தனி நிகழ்ச்சிகள் 2024-ல் முடிந்தன.

ஆண்டில் ஒரு ஞாயிறு காலைப் பட்டியல் குலையும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போரில் இறந்தோர் நினைவு நாள். பதினொரு மணிக்கு லண்டன் வைட்ஹாலில் இரண்டு நிமிட மௌனம். வானொலியில் வெறுமை விழுந்தால் நேயர் ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஆகவே மைக்குகள் திறந்தே இருக்கும்: பிக் பென் அடிப்பது, இலை சரசரப்பு, எங்கோ ஓர் இருமல். அந்த மௌனத்துக்கும் ஓசை வேண்டும்.

மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் பிரிட்டனில் கடிகாரம் மாறும். ஒன்று 23 மணி நேர நாள், மற்றது 25. மாற்றம் நடப்பது கிரீன்விச் நேரம் ஒரு மணிக்கு. அந்நேரம் ரேடியோ 4, பிபிசியின் இன்னோர் அலைவரிசையான உலக சேவையை அஞ்சல் செய்துகொண்டிருக்கும். உலக சேவை கிரீன்விச் நேரப்படியே ஓடுவதால் கூடுதல் குறைவு அங்கேயே கரைந்துவிடுகிறது. காலை நிகழ்ச்சிகள் தொடப்படுவதில்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து கேட்பவருக்குத்தான் இது பொருட்டு. கோடையில் பத்து மணி 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நமக்குப் பிற்பகல் 2:30, குளிர்காலத்தில் 3:30. பிபிசி சவுண்ட்ஸ் செயலி 2025 ஜூலை முதல் பிரிட்டனுக்கு வெளியே இயங்குவதில்லை. ரேடியோ 4-ன் நேரலையைப் பிபிசியின் சர்வதேச இணையதளத்தில் கேட்கலாம். தோட்டக்கலை நேரம் முடிந்ததும் அணைக்காமல் விட்டுவைத்தால், கோடையில் நம் ஊர் இரவு 7:30-க்கு நாடகம் தொடங்கும்.